ரேக்கு ஒட்டுறதுல என்னங்க தியானம்? – தஞ்சாவூர் ஓவியமும் மனநிறைவும்

தாழம்பூ
வணக்கம். கேள்வியை நேரா வைக்கிறேன். இப்போ கடையில விக்கிற தஞ்சாவூர் ஓவிய கிட்ல பலகை தயாரா வருது. படம் அச்சடிச்சிருக்கு. பதிக்கிற கல்லுக்கு எண் போட்ட பொட்டலம், மேடு கட்டுறதுக்குக் கூம்புல அடைச்ச மக்கு (சாக் பவுடரும் பசையும் கலந்த குழைவு), அளவா வெட்டின ரேக்கு (மெல்லிய பொன் தகடு). ரெண்டு ஞாயித்துக்கிழமையில பிள்ளையார் முடிஞ்சிடுவார். அட்டைப்பெட்டி மேல மட்டும் "தியானம்", "ஆன்மிக அனுபவம்"னு போட்டிருக்கு. 4-ஆம் எண் கல்லை 4-ஆம் எண் இடத்துல ஒட்டுறதுல தியானம் எங்க ஒளிஞ்சிருக்கு?

அதோட ஒட்டி இன்னொண்ணு. சாமி படம் போட்டு விலைக்கு விக்கிறது வழிபாடா, வியாபாரமா? படம் வேணும்னா மெஷினே போட்டுக் கொடுக்கிற காலத்துல கையால போடுறவங்களுக்கு என்ன அர்த்தம் மிச்சம் இருக்கு?

"எனக்கு இப்படித்தான் மனசு அடங்குச்சு" கதைகள் நிறைய படிச்சாச்சு, அது வேண்டாம். வேலையில எந்த இடத்துல அது கிடைக்கும், எந்த இடத்துல நழுவும்னு சொல்லுங்க.

மக்குக்கிண்ணம்
பலகையில கிடைக்கும். கிட்காரங்க முதல்ல பிடுங்கிக்கிறதும் அதைத்தான்.

15-க்கு 12 அங்குலப் படம்னா 9 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் போதும். 2 அடி தாண்டினா 12 மி.மீ., 3 அடி தாண்டினா 18 மி.மீ. போட்டுப் பின்னால ரெண்டு குறுக்குச் சட்டம் அடிக்கணும். அந்தக் காலத்துல பலா மரம். இப்போ நல்லாக் காஞ்ச பலா பலகை கிடைச்சா அதிர்ஷ்டம், காயாததை வாங்கினா ஒரே கோடையில வெடிச்சிடும்.

காடாத் துணியை வெந்நீர்ல அலசிக் கஞ்சியை எடுங்க. கஞ்சி இருந்தா பசை உள்ளே இறங்காது, ஆறு மாசத்துல துணி பலூன் மாதிரி கிளம்பும். நாலு பக்கமும் 2 அங்குலம் கூட விட்டு வெட்டுங்க. ஃபெவிகால் 2 பங்கு, தண்ணி 1 பங்கு கலந்து பலகையில தடவி, துணியை நடுவுல வெச்சு ஓரத்தைப் பார்த்துத் தேய்ச்சுக்கிட்டே போகணும். ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வந்தா காத்து மாட்டிக்கும். மிச்சத் துணியைப் பின்பக்கம் மடிச்சு ஒட்டுங்க.

பலரும் விடுற தப்பு இங்கதான். முன்பக்கம் மட்டும் பூசினா காயும்போது பசை சுருங்கிப் பலகையை முன்னால இழுக்கும், தட்டு மாதிரி குழிஞ்சிடும். அதனால பின்பக்கமும் அதே பசைத் தண்ணியை ஒரு கை பூசி, முடிஞ்சா ஒரு தாளும் ஒட்டிடுங்க. ரெண்டு பக்க இழுப்பும் சமமாயிடும்.

அப்புறம் சாக் பவுடர் 2, ஃபெவிகால் 1, தண்ணி ஊத்தித் தோசை மாவுப் பதம். துணியில வடிகட்டியே ஆகணும். முதல் பூச்சு மேலிருந்து கீழ, அடுத்தது இடமிருந்து வலம், இப்படி மாத்தி மாத்தி நாலு. ஒவ்வொண்ணுக்கும் 5, 6 மணி நேரம் காய விடுங்க. பிறகு உப்புத்தாள்: 120, 220, 400. மூக்குல துணி கட்டிக்கிட்டுத் தேய்ங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சரியா வந்துச்சான்னு பார்க்க, விரலை நனைச்சு அழுத்துங்க. விரல்ல வெள்ளை ஒட்டினா பசை குறைவு. தண்ணி முத்து முத்தா உருண்டா பசை அதிகம், நாளைக்குக் கலர் பிடிக்காது. ரெண்டும் இல்லாம மெதுவா ஈரம் இழுத்தா அதுதான் பதம்.

இதுல தியானம் எங்கன்னா, இவ்வளவும் படத்துல தெரியப் போறதில்லை. வாங்குறவர் பலகையைப் பார்க்க மாட்டார். யாரும் பார்க்காத இடத்துல நாலு பூச்சுக்குப் பதில் ரெண்டோட நிறுத்தலாமான்னு கை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற இடம்தான் நீங்க தேடுற இடம்.

அரைக்காசு
அண்ணே, அப்படிப் பார்த்தா சிமென்ட் பூசுற கொத்தனார் தினம் எட்டு மணி நேரம் சமாதியில இருக்கார். 😀 கிட் வாங்குறவங்களைக் கேவலமாப் பேச வேண்டாம். நேரமில்லாதவங்க என்ன செய்வாங்க?

மக்குக்கிண்ணம்
நல்ல கொத்தனார் இருக்கார்தான், அதுல கிண்டல் பண்ண என்ன இருக்கு? கேவலமும் பேசலை. எது போச்சுன்னு கேட்டாங்க, சொன்னேன்.

சுவடிப்பெட்டி
மக்குக்கிண்ணம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். "எல்லாவற்றையும் ஒருவரே செய்தால்தான் நிறைவு" என்பது இந்தக் காலத்துக் கற்பனை. பழைய தஞ்சைப் பட்டறை அப்படி நடக்கவில்லை. பலகைக்குத் துணி ஒட்டுவதும் சுண்ணம் அரைப்பதும் சிறுவர் வேலை. மக்கு ஒருவர், கல் ஒருவர் என்று கைமாறிப் போகும். முகம் மட்டும் மூத்தவர் கைக்கு வரும். இன்று நம் கண்முன் இருக்கும் பாணி மராட்டியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798–1832 காலத்தில் செழித்தது. வரைந்தவர்கள் தஞ்சை, திருச்சிப் பகுதிகளில் ராஜு என்றும் மதுரையில் நாயுடு என்றும் அறியப்பட்ட குடும்பத்தார். பெரும்பாலான படங்களில் கையெழுத்தே கிடையாது. ராம பட்டாபிஷேகம் போன்ற பெரிய படங்கள் பஜனை மடங்களுக்காகப் போடப்பட்டவை. விளக்கு வெளிச்சத்தில், இருபது பேர் பாடிக்கொண்டிருக்க, பத்தடி தள்ளிப் பார்ப்பதற்காக. ரேக்கும் மேடுபள்ளமும் அதற்குத்தான். சுடர் ஆடும்போது பொன்னும் ஆடும். வரவேற்பறை டியூப்லைட்டில் அதே படம் செத்துக் கிடப்பதன் காரணமும் அதுவே.

வழிபாடா வியாபாரமா என்ற கேள்விக்கு: ஆங்கிலேயர் வந்தபின் தென்னகத்து ஓவியர்கள் அவர்களுக்காகத் தொழில்கள், சாதிகள், திருவிழாக்கள், வாகனங்கள் என்று தொகுதி தொகுதியாக வரைந்து கொடுத்தார்கள். கம்பெனிப் பாணி என்று இன்று அழைப்பது அதைத்தான். தஞ்சையில் சாமி படம் போட்ட கைகளும் அந்த வேலைக்கு விலக்கல்ல. காலையில் மடத்துக்குக் கிருஷ்ணன், மாலையில் துரைக்குப் பாம்பாட்டி. இரண்டுக்கும் கூலி உண்டு. "அன்று தூய பக்தி, இன்று காசு" என்று புலம்புகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தாழம்பூ
பெரிய கோவில் சோழர் ஓவியத்தோட தொடர்ச்சி இதுன்னு சொல்றாங்களே?

சுவடிப்பெட்டி
ஊர் ஒன்று, கலை வேறு. பெரிய கோவிலில் இருப்பது சுவரில் சுண்ணச் சாந்தின்மேல் தீட்டியது. இது பலகை, மக்கு, ரேக்கு. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு அந்தச் சுவர் நல்ல பதில். கருவறையைச் சுற்றிய இருண்ட குறுகிய வழியில் சோழர் ஓவியம் இருக்கிறது. அதன்மேல் நாயக்கர் காலத்தில் இன்னோர் ஓவிய அடுக்கு ஏறியது. அடியில் சோழ ஓவியம் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். நடுவே பல நூற்றாண்டு யாரும் அதைப் பார்க்கவில்லை. வரைந்தபோதும் அந்த இருட்டில் நின்று ரசிக்கக் கூட்டமா வந்திருக்கும்? பார்வையாளரை நம்பி வேலை செய்தவன் அந்த இடத்தில் அந்தக் கோட்டை இழுத்திருக்க மாட்டான்.

நூல்பிடி
இருவரும் கையைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்கு முந்திய ஒன்று விடுபடுகிறது: உருவத்தை எங்கிருந்து எடுக்கிறோம்?

கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947) திரும்பத் திரும்ப எழுதியது இதைத்தான். இந்திய மரபில் ஓவியரும் சிற்பியும் முதலில் தெய்வத்தின் உருவத்தை வர்ணிக்கும் தியான சுலோகத்தை மனத்தில் நிறுத்துவார்கள், உருவம் உள்ளே தெளிந்த பிறகே கை அசையும். இதைப் பெரிய தத்துவமாகத் தள்ளி வைக்க வேண்டாம், மிகவும் செயல்முறையான விஷயம். சுலோகம் என்பது ஓவியனுக்கு அளவுக் குறிப்பு.

விநாயகர் போடப் போகிறீர்களா? கூகுளைத் திறக்குமுன் விநாயகர் அகவலின் முதல் பதினைந்து அடியை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் சிலம்பு. அரையில் பொன் ஞாண், மேலே மெல்லிய துகில். பேழை போன்ற வயிறு, அதாவது மூடி வைத்த பெட்டியின் உருட்சி. நெற்றியில் சிந்தூரம். தும்பிக்கையோடு சேர்த்து ஐந்து கரம். அங்குசம், பாசம். மூன்று கண். பொன்முடி. மூன்று புரி நூல். எத்தனை பொருள், எந்த இடம், எந்த நிறம் என்று பட்டியலே கிடைத்துவிட்டது.

பழகும் முறை இது. ஒரு வாரம் தினமும் அந்த அடிகளை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, எந்தப் படத்தையும் பார்க்காமல் பழைய செய்தித்தாளில் ஒரு கோட்டுப்படம். ஏழு நாளில் ஏழு படம். கோணலாகத்தான் வரும். எட்டாவது நாள் ஒரு நல்ல பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாசம் எந்தக் கையில், விரல் எப்படி மடங்குகிறது என்பதெல்லாம் அன்றுதான் கண்ணில் படும். அச்சுப் படத்தின்மேல் நேராக ரேக்கு ஒட்டுகிறவருக்கு இந்த எட்டு நாளும் இல்லை. தாழம்பூ தேடும் நிறைவு பெரும்பகுதி இந்த எட்டு நாளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அரைக்காசு
டிரேஸ் எடுத்தா பாவமா?

நூல்பிடி
பாவமில்லை, பட்டறைகளிலும் துளையிட்ட படிவம் வைத்துக் கரித்தூள் தட்டி இறக்குவது உண்டு. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தாளைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். இடவலம் மாறினால் பெருமாளின் வலக்கைச் சக்கரம் இடக்கைக்கும், சங்கு வலக்கைக்கும் போய்விடும். பட்டாபிஷேகத்தில் சீதை ராமருக்கு வலப்பக்கம் வந்து நிற்பார். நடராஜரைத் திருப்பிவிட்டு "மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடினாரே" என்று சமாளிப்பவர்கள் உண்டு. அங்கே மாறியது கால். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் உடுக்கையும் இடக்கைக்குப் போய்விடும், அது எந்தத் தலமும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு போட்டுத் தரும் படங்களில் இந்தத் தொல்லை பத்து மடங்கு. நாலு கைக்கு மூன்று ஆயுதம், ஒரு கையில் பாதிச் சங்கு பாதித் தாமரை, பூணூல் வலத்தோளிலிருந்து தொடங்குவது. பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும். வரைபவருக்கு உருவம் தெரிந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடலாம். தெரியாவிட்டால் அப்படியே பலகைக்கு ஏறி, சட்டம் போட்டு, யாரோ ஒருவர் வீட்டுப் பூசையறையில் முப்பது வருடம் தொங்கும்.

வண்டிமாடு
எல்லாரும் மேகத்துல மிதக்குறீங்க. கொஞ்சம் தரைக்கு வாங்க. கூலி கட்டலைன்னா எந்த ஆன்மிகமும் மூணாவது படத்தோட நின்னுடும். வெறுப்பு வந்து சேரும். "மனநிறைவுக்காகச் செய்யறேன்"னு சொல்றவங்ககிட்ட முதல்ல விலையைக் குறைச்சுக் கேட்பாங்க, கவனிச்சுப் பாருங்க.

15-க்கு 12 அங்குலத்துக்கு நேரம் எழுதுறேன், காயுற நேரம் சேர்க்காம: பலகை 3 மணி, கோட்டுப்படம் 4, கல்லும் மக்கும் 6, ரேக்கு 6, கலர் 12, முகம் 4. ஆக 35 மணி. உங்க ஊர்ல சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர் நாள் கூலி 1000 ரூபாய்னு வெச்சுக்குங்க. எட்டு மணி நேரம் ஒரு நாள்னா உங்க கூலி 4,375. அதுக்குக் கீழ வித்தா நீங்க சுவர் அடிக்கிறவரை விடக் கம்மியா வாங்குறீங்க. அது பக்தி ஆகாது, கணக்குத் தெரியாமை.

ரேக்கு: 180 சதுர அங்குலத்துல 45 சதவீதம் பொன் மூடும்னா 81. ஓரம், தவறு, கிழிசல்னு கால்வாசி வீணாகும், அப்போ 108 வேணும். தாள் 5-க்கு 5 அங்குலம்னா அஞ்சு தாள். தங்கம் விலை ஏறினா ரேக்கும் ஏறும், அதனால பழைய விலையை மனசுல வெச்சு ஆர்டர் ஒத்துக்காதீங்க. முன்பணத்துல ரேக்கும் கல்லும் வாங்குற அளவாவது வாங்கிடுங்க. சட்டத்துக்குத் தனி பில்.

இன்னொரு வழியும் இருக்கு. 1966-ல ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில சென்னை ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கினாங்க. அங்க ஓவியர்கள் பாட்டிக் துணி மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்து வயித்தைக் கழுவிக்கிட்டாங்க, ஓவியத்தை விக்கிற கட்டாயம் இல்லாம வெச்சுக்கிட்டாங்க. தஞ்சாவூர் ஓவியத்துலயும் செய்யலாம். சின்னக் கொலு படம், சாவிக்கொத்து, நகைப்பெட்டி மூடி இதெல்லாம் வருமானம். வருஷத்துக்கு ஒரு பெரிய படம் உங்களுக்கு. அந்த ஒண்ணுக்கு ஆர்டரும் கிடையாது, தேதியும் கிடையாது. ரெண்டையும் ஒரே பலகையில கலக்கும்போதுதான் ரெண்டும் கெடுது.

சுவடிப்பெட்டி
கடைசி வரி எனக்கு உடன்பாடில்லை. சின்னக் கொலு படமும் யாரோ ஒருவர் விளக்கேற்றும் இடத்துக்குத்தான் போகிறது. "இது வருமானம், இது ஆன்மா" என்று பிரித்ததும் முதல் கூடையில் கை அசட்டையாகிவிடும். பஜனை மடமும் துரையும் என்று நான் சொன்னேனே, அங்கே கோட்டின் தரம் ஆளுக்கு ஆள் மாறவில்லை.

வண்டிமாடு
அது பட்டறை சார். பத்து கை. இங்க ஒரு கை, அதுவும் ராத்திரி ஒன்பதுக்கு மேல.

தாழம்பூ
ரெண்டு பேரும் சொல்றது புரியுது. மக்குக்கிண்ணம், மக்கு வெடிக்கிறதைப் பத்திச் சொல்லுங்களேன். கூம்புல வர்றதும் வெடிக்குது, வீட்டுல கலக்கினதும் வெடிக்குது.

மக்குக்கிண்ணம்
வெடிப்புக்குக் காரணம் மூணு.

மொத்தமா ஏத்துறது முதல் காரணம். மேல் தோல் சீக்கிரம் காஞ்சு இறுகிடும், உள்ள இருக்கிற தண்ணி அப்புறமா வெளியேறும்போது உள்பக்கம் சுருங்கும், மேல் தோல் பிளக்கும். ஒரு தடவைக்கு 2 மி.மீ.-க்கு மேல போகாதீங்க. தூண், வளைவு எல்லாம் 5 மி.மீ. வேணும்னா மூணு தவணை, நடுவுல 24 மணி நேரம்.

அடுத்தது ஃபேன். காத்து ஒரு பக்கமா அடிச்சா அந்தப் பக்கம் முதல்ல காயும். வெயில்ல வைக்கிறதும் அதே கதை.

மூணாவது பசை. பதம் பற்பசை மாதிரி இருக்கணும், சாக் பவுடர் 3, ஃபெவிகால் 1, சொட்டுச் சொட்டாத் தண்ணி. கருவேலம் பிசின் பயன்படுத்துறவங்க அளவைக் கூட்டினா கண்ணாடி மாதிரி நொறுங்கும். பழைய முறையில புளியங்கொட்டைப் பசை. அது நல்லா வளைஞ்சு கொடுக்கும், ஆனா மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்கும். அதுக்காகத் துளி மயில்துத்தம் சேர்க்கிற வழக்கம் உண்டு. அது விஷம்: கையுறை போடுங்க, சமையல் பாத்திரத்துல கலக்காதீங்க, குழந்தைங்க இருக்கிற வீட்டுல வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சூட்சுமம். சாக் பவுடர்னு கேட்டா சில கடையில ஃபிரெஞ்ச் சாக் கொடுப்பாங்க. அது மாக்கல் பொடி, வழுவழுன்னு இருக்கும். மெழுகின மாதிரி வரும், ஆனா தண்ணியையும் பசையையும் அவ்வளவா உறிஞ்சாது, பிடிமானம் குறைவு. மேல் பூச்சுக்குக் கொஞ்சம் சேர்க்கலாம், மக்கு முழுக்க அதுல போடாதீங்க.

வெடிச்சதைச் சுரண்ட வேண்டாம். அதே மக்கைத் தண்ணியாக் கரைச்சு 0 நம்பர் பிரஷ்ல வெடிப்புக்குள்ள விடுங்க, காஞ்சதும் ஈர விரலால தேய்ச்சுடுங்க.

கல்லை முதல்ல ஒட்டுங்க, பிறகு அதைச் சுத்தி மக்கு. மக்கு கல்லோட ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும். மக்கு மேல கல்லை வெச்சா ரெண்டு வருஷத்துல உதிரும்.

அரைக்காசு
ரேக்கு? எனக்கு எப்பவும் சுருங்கிப் போகுது. கிட்ல வந்தது தங்கம்தானான்னும் சந்தேகம்.

மக்குக்கிண்ணம்
சுருக்கம் வர்றது பசை ஈரமா இருக்கும்போது ஒட்டுறதால. மெலிசாத் தடவிட்டுக் காத்திருங்க. விரலை வெச்சா ஒட்டணும், பசை விரலோட வரக்கூடாது. அந்த நேரம்தான் சரி. காத்திருக்கிற நேரம் காத்தைப் பொறுத்தது, கடிகாரம் வேலைக்கு ஆகாது, விரல்தான்.

மக்கு மேல மெல்லிய தாளை வெச்சுப் பென்சிலைச் சாய்ச்சுத் தேய்ங்க, விளிம்பு பதியும். அந்த அச்சை வெச்சு ரேக்கை 1 மி.மீ. கூட விட்டு வெட்டுங்க. ஃபேனை நிறுத்திடுங்க. வியர்வைக் கையால தொடாதீங்க. நடுவுல வெச்சுப் பஞ்சால அமுக்கி, பிறகு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால மக்கோட ஓரம் ஓரமா அழுத்துங்க. காத்து நின்னா ஊசியால ஒரு குத்து, பஞ்சால ஒரு அமுக்கு.

தங்கமான்னு பார்க்க: ஒரு துண்டை உப்புத்தாளால லேசாக் கீறி, எலுமிச்சைச் சாறும் உப்பும் வெச்சு ரெண்டு மூணு நாள் விடுங்க. பித்தளைக் கலவைன்னா பச்சையாவோ கறுப்பாவோ மாறும். கீறாம விட்டா மேல இருக்கிற வார்னிஷ் ஏமாத்திடும். போலி ரேக்கு முதல் வருஷம் அசலை விடப் பளபளக்கும், அதுலதான் எல்லாரும் விழறாங்க.

வண்டிமாடு
போலி ரேக்குல பழகுங்க, தப்பில்லை. ஆனா அதைச் சொல்லி வித்துடுங்க. 2007-08-லயே தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு வந்தாச்சு. பெயர் ஒண்ணுதான், உள்ள என்ன இருக்குன்னு வாங்குறவருக்குத் தெரிய வழியில்லை. பின்பக்கம் ஒரு சீட்டு: பலகை என்ன, ரேக்கு என்ன, கல் என்ன, எந்த மாசம் முடிஞ்சது. அஞ்சு நிமிஷ வேலை. பழைய ஆளுங்க கையெழுத்துப் போடலைன்னு சுவடிப்பெட்டி பெருமையாச் சொன்னார். இப்போ போடணும். பேருக்காக இல்ல, கேள்வி கேட்க ஒரு ஆள் வேணும்ல.

சுவடிப்பெட்டி
பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். சீட்டு நல்ல யோசனை.

கோலமாவு
இழையை இப்போதான் பார்த்தேன். ஆசாரம் பற்றி யாரும் பேசவில்லையே? குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும், படம் முடியும்வரை அசைவம் கூடாது என்று வகுப்புகளில் சொல்கிறார்கள். வேறு மதத்தவர் போடலாமா என்றும் கேட்கிறார்கள்.

நூல்பிடி
கோவிலில் பிரதிஷ்டை ஆகும் மூர்த்திக்கு ஆகம விதி உண்டு. வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு அந்த விதியை அப்படியே இறக்க வேண்டிய அவசியமில்லை. விரதம் உங்கள் மனத்தை ஒருமுகப்படுத்துகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவரை அளக்கும் கோலாக்க வேண்டாம். கை சுத்தம் மட்டும் கட்டாயம், எண்ணெய்க் கை ரேக்கைக் கெடுக்கும். மதம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: சங்கு எந்தக் கையில் என்று தெரிந்து போடுகிறவர் போடட்டும்.

கோலமாவு
அப்படியானால் கண் திறப்பு? அதுவும் வெறும் வழக்கமா?

நூல்பிடி
அதில் வேலை நியாயமும் இருக்கிறது. கண்ணைக் கடைசியில் வைப்பதால், ரேக்கு ஒட்டும்போதும் ஆடைக்கு நிறம் கொடுக்கும்போதும் முகத்தில் கை படாது, தெறித்தாலும் சரிசெய்யலாம். அதைவிட முக்கியமானது, மற்ற நிறங்கள் எல்லாம் அமர்ந்தபின்தான் கண்ணுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று தெரியும். சிவப்புப் பின்னணியில் சரியாக இருக்கும் கண், பச்சைப் பின்னணியில் முறைக்கும்.

முறை: இரண்டு கண்ணின் உள்முனையையும் தொடும்படி மெல்லிய பென்சில் கோடு ஒன்று, வெளிமுனைகளுக்கு இன்னொன்று. ஒரு கண்ணை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள், நிச்சயம் மாறுகண் வரும். இரண்டு வெண்விழி, பிறகு இரண்டு மேலிமை, பிறகு இரண்டு கருவிழி என்று சேர்ந்தே நகருங்கள். வெண்விழிக்குச் சுத்த வெள்ளை வேண்டாம். துளி மஞ்சள் கலந்து, முனைகளில் மிக மெல்லிய சிவப்பு. கருவிழி மேலிமைக்குள் சற்று மறைந்திருக்க வேண்டும். முழு வட்டம் தெரிந்தால் திடுக்கிட்ட முகம். எல்லைக் கோடு பழைய படங்களில் பெரும்பாலும் ஆழ்ந்த பழுப்புதான், கறுப்பு போட்டால் காலண்டர் ஆகிவிடும். 000 தூரிகை, நிறம் பால் போல ஓடும் பதம். மூச்சை அடக்காதீர்கள். அடக்கினால் மூன்றாவது நொடியில் கை நடுங்கும். மெதுவாக வெளிவிடும்போது இழுங்கள், மூச்சு முடியும் இடத்தில் கோடும் முடியட்டும்.

ஒவ்வொரு படியிலும் பலகையைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். முகம் என்ற நினைப்பு போய் வடிவம் மட்டும் தெரியும், கோணல் உடனே அகப்படும்.

அரைக்காசு
மூச்சு விஷயம் ஒண்ணு போதும்ங்க, பெட்டி மேல எழுதின "தியானம்" எனக்கு இப்பதான் புரியுது. சரி, ஒரு சமரசம் சொல்லட்டுமா? கிட் வாங்கிக்கிறேன், அச்சுப் படத்தை மட்டும் உப்புத்தாள் போட்டு அழிச்சிட்டு நானே வரையறேன்.

மக்குக்கிண்ணம்
நல்ல ஆரம்பம். அழிச்ச இடத்துல சுண்ணப் பூச்சு மெலிஞ்சிருக்கும், ஒரு கை பூசிட்டு வரைங்க. அடுத்த படத்துக்குப் பலகையும் நீங்களே.

வண்டிமாடு
முடிச்சதுக்கு அப்புறம் ஒண்ணு சொல்லிடறேன், நிறைய பேர் இங்க கோட்டை விடறாங்க. கண்ணாடி ரேக்கைத் தொடக்கூடாது, நடுவுல 4 மி.மீ. இடைவெளிக்குச் சட்டத்துக்குள்ள மெலிசான குச்சி வைக்கச் சொல்லுங்க. மழை படுற வெளிச்சுவர்ல மாட்டாதீங்க. விளக்குக்கு நேர் மேல மாட்டினா எண்ணெய்ப் புகை படியும். துடைக்கிறதுன்னா கண்ணாடியை மட்டும், காஞ்ச துணியால.

தாழம்பூ
எல்லாருக்கும் நன்றி. கிட்டை ஓரமா வெச்சாச்சு. பிளைவுட் 9 மி.மீ. ரெண்டு துண்டு, ஒண்ணு பழக, ஒண்ணு படத்துக்கு. நூல்பிடி சொன்ன ஏழு நாளை முதல்ல முடிச்சுடறேன். ஒரு சந்தேகம்: ஐப்பசி பிறந்தாச்சு, இங்க விடாம மழை. இந்த ஈரத்துல நாலு பூச்சு காயுமா, இல்ல தை வரைக்கும் நிறுத்தி வைக்கணுமா?

மக்குக்கிண்ணம்
காயும், அவசரப்படாம இருந்தா. பலகையைப் படுக்கப் போடாதீங்க, ரெண்டு பக்கமும் காத்து படுற மாதிரி நிறுத்தி வைங்க. ஹேர் டிரையர் வேண்டாம், மேல் தோல் மட்டும் காயும். 6 மணி நேரம்னு சொன்னதை 12 ஆக்கிக்குங்க. கண்ணுக்குக் காஞ்ச மாதிரிதான் தெரியும், நம்பாதீங்க. பலகையை எடுத்துக் கன்னத்துல வெச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம்.